லேப்டாப்புக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா? விண்டோஸில் இருப்பதே போதுமா?

புது லேப்டாப் வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. திரையின் வலது மூலையில் சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். ‘உங்கள் பாதுகாப்பு முடிவடைகிறது, இப்போதே புதுப்பியுங்கள்’ என்று சொல்லும். மூடினால் மறுநாள் திரும்ப வரும். ஆபீஸ் நண்பரிடம் கேட்டால், “அதெல்லாம் வேஸ்ட், எடுத்துடு” என்பார். லேப்டாப் விற்ற கடைக்காரரோ, “போடாம விட்டா டேட்டா எல்லாம் போயிடும் சார்” என்பார். யார் சொல்வது சரி?

சாதாரணக் கேள்வி போலத் தெரிந்தாலும் இதில் பணயம் வைப்பது சின்ன விஷயம் இல்லை. சம்பளக் கணக்கின் நெட் பேங்கிங், ஆதார், பான் ஸ்கேன் காப்பிகள், வருமான வரி லாக்-இன், ஆபீஸ் மெயில், குடும்பப் படங்கள் எல்லாமே இந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அதனால் விளம்பரத்துக்குப் பயந்தும் முடிவெடுக்க வேண்டாம், நண்பர் சொன்னார் என்பதற்காகவும் விட்டுவிட வேண்டாம். விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம்.

சுருக்கமான பதில்

விண்டோஸ் 11 வைத்திருக்கிறீர்கள், அப்டேட்களைத் தவறாமல் போடுகிறீர்கள், கிராக் சாஃப்ட்வேர் பக்கம் போவதில்லை என்றால், தனியாகக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ஆன்டிவைரஸே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை அணைக்காமல் வைத்திருந்தால் போதும் என்பதுதான் அர்த்தம்.

ஆனால் சிலருக்குக் காசு கொடுத்து வாங்குவதில் பலன் உண்டு. அது யார் யார் என்பதைக் கீழே பார்க்கலாம்.

ஆன்டிவைரஸ் உள்ளே என்னதான் செய்கிறது?

முக்கியமாக மூன்று வேலைகள். முதலாவது, அடையாளம் பார்ப்பது. ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளங்கள் ஒரு பட்டியலாக இருக்கும். நீங்கள் டவுன்லோடு செய்யும் ஒவ்வொரு ஃபைலையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டியல் பழையதாக இருந்தால் புது வைரஸ் தப்பிவிடும். அதனால்தான் தினமும் அப்டேட் கேட்கிறது.

இரண்டாவது, நடத்தையைக் கவனிப்பது. பட்டியலில் இல்லாத ஒரு புரோகிராம், திடீரென்று உங்கள் ஃபைல்களை வரிசையாகப் பூட்ட ஆரம்பித்தால், ‘இவன் நடவடிக்கை சரியில்லையே’ என்று தடுத்து நிறுத்தும்.

மூன்றாவது, கிளவுடில் விசாரிப்பது. சந்தேகத்துக்குரிய ஃபைலைப் பற்றி நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டு, உலகில் வேறு எங்காவது இது பிடிபட்டிருக்கிறதா என்று சில நொடிகளில் தெரிந்துகொள்ளும்.

காசு கொடுத்து வாங்குவதானாலும் இலவசமானாலும் அடிப்படை இதுதான்.

விண்டோஸில் இருப்பது எவ்வளவு நல்லது?

விண்டோஸ் 7 காலத்தில் கூடவே வந்த டிஃபெண்டர், உளவு மென்பொருள்களை மட்டும் பார்க்கும். வைரஸுக்குத் தனியாக ஒன்று போட்டே ஆக வேண்டும். ‘ஆன்டிவைரஸ் இல்லாத கம்ப்யூட்டர் கதவில்லாத வீடு’ என்ற எண்ணம் நம் வீடுகளில் பதிந்தது அந்தக் காலத்தில்தான். அன்றைக்கு அது சரியான அறிவுரையும்கூட.

2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து நிலைமை மாறியது. முழுமையான ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வர ஆரம்பித்தது. இப்போது அதன் பெயர் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். ஆரம்பத்தில் அதற்கு நல்ல பெயர் இல்லை. ஆனால் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற சோதனை மையங்களில், சில ஆண்டுகளாகக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்கு இணையான மதிப்பெண்களை அது பெற்று வருகிறது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. டிஃபெண்டர் கிளவுடை அதிகம் நம்பியிருப்பதால், இன்டர்நெட் இல்லாத நேரத்தில் அதன் கண்டுபிடிக்கும் திறன் குறையும். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்த பென் டிரைவை, நெட் இல்லாத லேப்டாப்பில் செருகுகிறீர்கள் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். நெட்டை ஆன் செய்து, பென் டிரைவை ஸ்கேன் செய்துவிட்டுத் திறப்பது நல்லது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வேறு ஆன்டிவைரஸ் ஒன்றை இன்ஸ்டால் செய்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். லேப்டாப்போடு வந்த டிரையலை முறையாக அன்இன்ஸ்டால் செய்தால் டிஃபெண்டர் திரும்ப வேலைக்கு வந்துவிடும். டிரையலை எடுத்தால் லேப்டாப் அநாதையாகிவிடும் என்ற பயம் வேண்டாம். காலாவதியான டிரையலைப் பாதி உயிரோடு அப்படியே விட்டு வைப்பதுதான் மோசமான தேர்வு.

வான்னாக்ரை சொல்லிக் கொடுத்த பாடம்

2017 மே 12 நினைவிருக்கிறதா? வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் ஒரே நாளில் உலகைச் சுற்றி வந்தது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களின் ஃபைல்களைப் பூட்டி, பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இந்தியாவிலும் ஆந்திரப் பிரதேச காவல்துறையின் கம்ப்யூட்டர்கள் உட்படப் பல இடங்களில் பாதிப்பு.

இதில் கவனிக்க வேண்டியது தேதிதான். வான்னாக்ரை பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. அதாவது, மருந்து வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் நோய் பரவியது. ஆதரவில் இருந்த விண்டோஸில் அந்த அப்டேட்டைப் போட்டிருந்தவர்களை அந்த ஓட்டை வழியாக வைரஸ் நெருங்க முடியவில்லை. ‘அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம்’ என்று தள்ளிப் போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ஆன்டிவைரஸை விட அப்டேட் முக்கியம் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னும் விண்டோஸ் 10-ல் இருக்கிறீர்களா?

அப்படியென்றால் உங்கள் கவலை ஆன்டிவைரஸ் கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துக்கொண்டது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அப்டேட் கிடைக்கும். தனிநபர்களுக்கான அந்தத் திட்டத்தின் காலம் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது.

டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் விண்டோஸ் 10-க்கு 2028 வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. சுவரில் ஓட்டை விழுந்தபடியே இருக்கும்போது வாசலில் வாட்ச்மேன் மட்டும் இருந்து என்ன பயன்? 2,000 ரூபாய் கொடுத்து வேறொரு வாட்ச்மேனை வைத்தாலும் கதை அதேதான். லேப்டாப் தாங்குமென்றால் விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். தாங்காது என்றால் உபுண்டு போன்ற லினக்ஸ் போடுவது பற்றி யோசிக்கலாம். அதுவும் முடியாது என்றால், குறைந்தபட்சம் அந்த லேப்டாப்பில் நெட் பேங்கிங்கை நிறுத்திவிடுங்கள்.

இப்போது திருடன் வரும் வழியே வேறு

பழைய வைரஸ்கள் கம்ப்யூட்டரைக் கெடுத்தன. இன்றைக்கு அதிகம் பரவும் ‘இன்ஃபோஸ்டீலர்’ வகை எதையும் கெடுக்காது. சத்தமில்லாமல் வந்து, பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். லேப்டாப் வழக்கம் போல ஓடிக்கொண்டிருக்கும். உங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

குக்கீ போனால் என்ன என்று கேட்கலாம். பொருட்காட்சியில் டிக்கெட் வாங்கி உள்ளே போனால் கையில் ஒரு முத்திரை குத்துவார்களே, அதுதான் குக்கீ. வெளியே போய் வந்தாலும் அந்த முத்திரையைக் காட்டினால் திரும்ப டிக்கெட் கேட்க மாட்டார்கள். அதே முத்திரை திருடன் கையில் இருந்தால், உங்கள் மெயிலுக்குள் நுழைய அவனுக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

லும்மா என்ற இன்ஃபோஸ்டீலரின் கட்டமைப்பை 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் பல நாட்டுப் புலனாய்வு அமைப்புகளும் சேர்ந்து முடக்கின. அதற்கு முந்தைய இரண்டே மாதங்களில் 3,94,000-க்கும் அதிகமான விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது.

இவை உள்ளே வரும் வழிகளில் ஒன்று ‘கிளிக்ஃபிக்ஸ்’ எனப்படும் தந்திரம். ஒரு வெப்சைட்டில் ‘நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்’ என்று வரும். வழக்கமான கேப்ட்சா என்று நினைத்து அழுத்துவீர்கள். அடுத்து, ‘விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பேஸ்ட் செய்யுங்கள், என்டர் தட்டுங்கள்’ என்று சொல்லும். நீங்கள் பேஸ்ட் செய்வது திருடனின் கட்டளை. வைரஸை உங்கள் கையாலேயே இறக்கி, நீங்களே ஓட விடுகிறீர்கள்.

வீட்டுக்காரரே கதவைத் திறந்து ‘உள்ளே வாங்க’ என்று கூப்பிடும்போது, காவல்காரர் எப்போதுமே தடுத்துவிடுவார் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கீபோர்டில் கட்டளை ஒட்டச் சொல்லும் கேப்ட்சா எதுவுமே உண்மையானது கிடையாது.

‘ஒரே ஒரு கிராக்தானே?’

கல்லூரியில் ஆரம்பித்த பழக்கம் வேலைக்கு வந்த பிறகும் பலரை விடுவதில்லை. ஆபீஸ் ஆக்டிவேட்டர், எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக், கேம் சீட்... இவற்றை இன்ஸ்டால் செய்யும் வழிமுறையில் முதல் வரியே பெரும்பாலும் ‘ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்’ என்பதாகத்தான் இருக்கும். அங்கேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. வீட்டுக் கம்ப்யூட்டர்களை அதிகம் தாக்கிய ரான்சம்வேர்களில் ஒன்றான ‘ஸ்டாப்’ பெரும்பாலும் கிராக் சாஃப்ட்வேர் வழியாகத்தான் பரவியது.

கிராக் போடுவதை நிறுத்த முடியாது என்பவருக்கு எந்த ஆன்டிவைரஸும் உத்தரவாதம் தராது. லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு என்று சட்டபூர்வமான மாற்றுகள் இருக்கின்றன. ஆன்டிவைரஸுக்கு வைத்திருக்கும் பணத்தைத் தேவையான சாஃப்ட்வேரின் சந்தாவுக்குக் கொடுப்பது நல்ல முதலீடு.

மேக், லினக்ஸ், குரோம்புக் வைத்திருப்பவர்கள்?

‘மேக்குக்கு வைரஸ் வராது’ என்பது பழைய நம்பிக்கை. 2012-ல் ஃபிளாஷ்பேக் என்ற வைரஸ் சுமார் 6 லட்சம் மேக் கம்ப்யூட்டர்களில் புகுந்தபோதே அது உடைந்துவிட்டது. இப்போது மேக்கைக் குறிவைத்தே எழுதப்பட்ட இன்ஃபோஸ்டீலர்கள் இருக்கின்றன. அதே சமயம் மேக்கிலும் எக்ஸ்புரொடெக்ட் என்ற வைரஸ் தடுப்பும், தெரியாத ஆப்களைத் தடுக்கும் கேட்கீப்பரும் உள்ளேயே இருக்கின்றன. சராசரிப் பயனருக்கு அவையும் அப்டேட்டும் போதும். தெரியாத ஆப் ஒன்று மேக் பாஸ்வேர்டைக் கேட்டால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

குரோம்புக்கில் விண்டோஸ் புரோகிராம்கள் ஓடாது. ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். தனி ஆன்டிவைரஸ் தேவையில்லை. வீட்டில் லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கும் பொதுவாக அப்படியே. அதிகாரபூர்வ களஞ்சியத்திலிருந்து மட்டும் சாஃப்ட்வேர் எடுத்தால் போதும்.

காவல்காரராலும் தொல்லை வரலாம்

ஆன்டிவைரஸுக்கு உங்கள் லேப்டாப்பின் எல்லா மூலைக்கும் போக அனுமதி உண்டு. அதனால் அதைத் தருவது யார் என்பது முக்கியம். இலவச ஆன்டிவைரஸால் பிரபலமான அவாஸ்ட், பயனர்களின் பிரவுசிங் விவரங்களைச் சேகரித்து ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020-ல் வெளிவந்தது. ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. இந்த விவகாரத்தில் அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

2024 ஜூலை 19-ல் நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்களே, அதற்குக் காரணம் வைரஸ் இல்லை. நிறுவனங்கள் பயன்படுத்தும் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட். சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் அதனால் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. பாதுகாப்பு மென்பொருள் கெட்டது என்பது இதன் பொருள் ஆகாது. கூடுதலாக ஒன்றைப் போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்ற கணக்கு எப்போதும் சரியாக வராது, அவ்வளவுதான்.

ஆன்டிவைரஸ் பெயரிலேயே நடக்கும் மோசடியும் உண்டு. ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று பிரவுசரில் சைரன் அடிக்கும். ‘உங்கள் ஆன்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டது, பணம் எடுக்கப்பட்டுள்ளது’ என்று மெயில் வரும். பதறிப்போய் அழைத்தால், எனிடெஸ்க் போன்ற ரிமோட் ஆப் ஒன்றைப் போடச் சொல்வார்கள். அதோடு கணக்கு காலி. உண்மையான ஆன்டிவைரஸ் போன் செய்யச் சொல்லி மிரட்டாது.

அப்படியென்றால் யார் வாங்கலாம்?

• வீட்டில் பெற்றோர், பிள்ளைகள் என்று பலர் பயன்படுத்தும் லேப்டாப், எதைப் பார்த்தாலும் கிளிக் செய்யும் கைகள் என்றால், போலி வெப்சைட் தடுப்பு, பெற்றோர் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்த ஒரு பேக்கேஜ் உதவும்.

• சொந்தமாகத் தொழில் செய்பவர், ஆடிட்டர், ஃபோட்டோகிராஃபர், ஃப்ரீலான்சர் என்று வாடிக்கையாளர்களின் ஃபைல்களை வைத்திருப்பவர்கள். ஒரு நாள் வேலை நின்றாலே நஷ்டம் என்பவர்களுக்குக் கூடுதல் அடுக்கும், ஆபத்தில் கூப்பிட ஒரு உதவி மையமும் காசுக்குத் தகும்.

• பென் டிரைவ் அடிக்கடி மாறும் இடங்களில், இன்டர்நெட் இல்லாமல் வேலை செய்பவர்கள்.

வாங்குவதென்றால், சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற இந்திய நிறுவனங்களும் களத்தில் இருக்கின்றன. எதை வாங்கினாலும் சோதனை மையங்களின் சமீபத்திய முடிவைப் பாருங்கள். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து ஏமாறாமல், இரண்டாம் ஆண்டு எவ்வளவு கேட்பார்கள் என்று பாருங்கள். தானாகப் புதுப்பித்தலை ஆஃப் செய்து வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டிவைரஸ் வேண்டாம். ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டு, லேப்டாப்பைத் திணறடிக்கும்.

ஆபீஸ் லேப்டாப் என்றால், முடிவு உங்களுடையது இல்லை. ஐடி பிரிவு போட்டதை அணைக்கவும் வேண்டாம், நீங்களாக ஒன்றைச் சேர்க்கவும் வேண்டாம். ஏதாவது தவறாக கிளிக் செய்துவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள். முக்கியமான சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022-லேயே நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. நீங்கள் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதிலிருந்துதான் கழிகிறது.

இன்றே செய்யக்கூடிய ஐந்து விஷயங்கள்

1. ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறங்கள். எல்லாமே பச்சை டிக்காக இருக்கிறதா பாருங்கள். ‘ரியல்-டைம் புரொடெக்ஷன்’, ‘டேம்பர் புரொடெக்ஷன்’ இரண்டும் ஆனில் இருக்கட்டும்.

2. நிலுவையில் இருக்கும் அப்டேட்டைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிரவுசரையும் சேர்த்து.

3. முக்கியமான ஃபைல்களை எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

4. வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளைப் பிரவுசரில் சேமிக்காமல், பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றில் வையுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள்.

5. தேவையில்லாத பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும், கண்ட வெப்சைட்டுக்கும் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதியையும் நீக்குங்கள். ‘வைரஸ் இருக்கிறது’ என்று மூலையில் வரும் பல மிரட்டல்கள் அந்த அனுமதி வழியாக வருபவைதான்.

மாட்டிக்கிட்டோம்னு தோணினா?

முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு நம்பகமான கருவியிலிருந்து, மெயிலில் தொடங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட லேப்டாப்பிலேயே மாற்றினால் புது பாஸ்வேர்டும் திருடனுக்குப் போகும். ‘எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதியையும் பயன்படுத்துங்கள். திருடன் கையில் இருக்கும் முத்திரை அப்போதுதான் செல்லாமல் போகும்.

பணம் போயிருந்தால், ஸ்கேன் எல்லாம் அப்புறம். உடனே வங்கிக்குச் சொல்லிவிட்டு, 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கைமாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. அதன் பிறகு டிஃபெண்டரின் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ போடுங்கள். செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவச நீக்கும் கருவிகளும் கிடைக்கின்றன. சந்தேகம் தீரவில்லை என்றால் விண்டோஸை முழுமையாக அழித்து மறுபடி போடுவதே பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று. சைபர் மோசடிகளில் இந்தியர்கள் 2024-ல் இழந்த தொகை சுமார் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. போலி முதலீட்டு ஆப், ‘டிஜிட்டல் கைது’ மிரட்டல், ஓடிபி கேட்கும் அழைப்பு போன்றவற்றில், நம்மைப் பேசிப் பேசியே பணத்தை அனுப்ப வைக்கிறார்கள். அந்த நேரத்தில் லேப்டாப்பில் இருக்கும் எந்த ஆன்டிவைரஸும் குரல் கொடுக்காது. அதனால் இந்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்கிறீர்களோ இல்லையோ, இந்த வார இறுதியில் அப்பா, அம்மாவின் லேப்டாப்பையும் ஒருமுறை திறந்து, மேலே சொன்ன ஐந்தையும் செய்துவிட்டு, 1930 எண்ணை அவர்கள் போனில் சேவ் செய்து கொடுத்துவிட்டு வாருங்கள். செலவு எதுவும் இல்லை, அரை மணி நேரம்தான் ஆகும்.